இசபெல் செந்தாலைச் செவிலியர் என்று அழைப்பது சரியா? 1803ஆம் ஆண்டின் அம்மைத் தடுப்புப் பயணம் குறித்த விவாத இழை

#1 வைகைக்கரை

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். செவிலியர் பயிற்சிப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். செவிலியத்தின் வரலாற்றை மாணவிகளுக்குச் சொல்லும்போதெல்லாம் 1854இல் கிரீமியப் போர்முனைக்குச் சென்ற ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரிடமிருந்துதான் தொடங்குவேன். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஒரு நோயைத் தடுப்பதற்காக இரண்டு பெருங்கடல்களைத் தாண்டிய இன்னொரு பெண் இருந்தார் என்பதை ஓய்வு பெற்ற பிறகே படித்தறிந்தேன். அவரைப் பற்றி ஒருநாள்கூட வகுப்பில் பேசாமல் போனோமே என்ற மனக்குறையால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இசபெல் செந்தால் கோமெஸ், ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாவில், ஓர்தெஸ் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், 1770களின் தொடக்கத்தில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதிலேயே தாயைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தார். வேலை தேடி லா கொருன்யா துறைமுக நகருக்குச் சென்று அங்கிருந்த தரும மருத்துவமனையில் பணியாற்றினார். மணமாகாமலேயே பெனித்தோ என்ற மகனைப் பெற்று வளர்த்தார். 1800இல் அந்நகரின் கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்துக்கு நிர்வாகியானார். அந்தப் பதவியை ஸ்பானிய மொழியில் ‘ரெக்தோரா’ என்பார்கள். இல்லத் தலைவி என்று நாம் சொல்லலாம்.

1803 நவம்பர் 30 அன்று, அரச மருத்துவர் பிரான்சிஸ்கோ ஹவியெர் பால்மிஸின் தலைமையில், மரியா பீத்தா என்ற கப்பல் அமெரிக்கக் கண்டத்திலிருந்த ஸ்பானியக் குடியேற்றங்களுக்கு அம்மைப்பாலை, அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்தை, கொண்டுசெல்லப் புறப்பட்டது. அந்த அம்மைப்பாலைத் தம் உடலிலேயே சுமந்துசெல்ல, மூன்று முதல் ஒன்பது வயது வரையுள்ள 22 சிறுவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் பெனித்தோவும் ஒருவன். அந்தப் பயணக் குழுவில் இடம்பெற்ற ஒரே பெண் இசபெல். உலக சுகாதார நிறுவனம் 1950இல் அவரைப் பன்னாட்டுப் பணியில் ஈடுபட்ட முதல் செவிலியராக அங்கீகரித்தது.

ஆனால் அவர் செவிலியரே அல்லர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அழைத்துச் செல்லப்பட்ட தாதி மட்டுமே என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வரலாறு தெரிந்தவர்களும் பணியில் இருப்பவர்களும் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

#2 ஏட்டுச்சுவடி

அம்மாவுக்கு வணக்கம். நல்ல கேள்வி. ‘முதல்’ என்ற சொல்லை வரலாற்றில் எங்கே கண்டாலும் ஒருமுறை நின்று பார்ப்பது என் வழக்கம் என்பதால், சற்று மாறுபட்ட கருத்தை முன்வைக்கிறேன்.

பயணக் குழுவின் பட்டியலைப் பார்த்தால் தலைவர் பால்மிஸ், துணைத் தலைவர் ஹொசே சல்வானி, இரண்டு உதவி மருத்துவர்கள், இரண்டு சிகிச்சை உதவியாளர்கள், மூன்று செவிலியர்கள் என்று வரிசையாக வருகிறது. அந்தச் செவிலியர் மூவரும் ஆண்கள். இசபெலின் பெயருக்கு எதிரே இருப்பது ரெக்தோரா என்ற பதவிப் பெயர். ஆகவே, அக்காலத்தவரே செவிலியர் யார், இல்லத் தலைவி யார் என்று பிரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். நாம் இன்றைய மதிப்பை வைத்து அந்தப் பிரிவை அழிப்பது, நல்லெண்ணத்தால் செய்வதாயினும், சான்றுக்குப் பொருந்துமா என்பதுதான் என் ஐயம். கத்தியால் கீறி அம்மை குத்தியவர்கள் மருத்துவர்கள். குழந்தைகளுக்குச் சோறூட்டித் தூங்கவைத்தவர் இசபெல். இரண்டுமே மதிப்புக்குரிய வேலைகள்தாம் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல.

#3 அனிச்சம்

ஏட்டுச்சுவடி ஐயா, நான் பதினேழு ஆண்டுகளாகக் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். சோறூட்டித் தூங்கவைத்தவர் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கோபத்தோடு எழுதவில்லை, அந்தக் கப்பலில் என்ன நடந்தது என்பதை ஒரு செவிலியரின் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஜென்னர் 1796இல் மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று கண்டுபிடித்தார். ஆனால் அம்மைப்பாலைக் குளிரூட்டி வைக்க அந்தக் காலத்தில் வழி கிடையாது. கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து மெழுகால் மூடி அனுப்பிப் பார்த்தார்கள். நீண்ட பயணத்திலும் வெப்பத்திலும் அது வீரியம் இழந்தது. மனித உடலிலேயே அதை உயிரோடு வைத்துக்கொண்டு போவதுதான் மிஞ்சிய ஒரே வழி. ஒரு சிறுவனின் கையில் லேசாகக் கீறி அம்மைப்பாலைத் தடவுவார்கள். ஒன்பது அல்லது பத்து நாள்களில் அந்த இடத்தில் முத்துப்போல் ஒரு நீர்க்கொப்புளம் பழுத்து நிற்கும். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் தெளிந்த நீரை அடுத்த சிறுவனின் கையில் இட வேண்டும். ஒருவனுக்குப் பலிக்காமல் போனால் சங்கிலியே அறுந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் இருவருக்குக் குத்தினார்கள்.

இப்போது அந்தப் பத்து நாள்களை எண்ணிப் பாருங்கள். கொப்புளம் அரிக்கும். நான்கு வயதுக் குழந்தை சொறியாமல் இருக்காது. சொறிந்தால் கொப்புளம் உடைந்து, சீழ் பிடித்து, அம்மைப்பால் கெட்டுப்போகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குத்தப்பட்ட சிறுவன், இன்னும் குத்தப்படாத சிறுவனோடு ஒரே படுக்கையில் புரண்டால், அவனுக்கும் தற்செயலாகத் தொற்றிவிடலாம். அப்படித் தொற்றினால், பிறகு அவனை முறைப்படி பயன்படுத்த முடியாது. சங்கிலியின் ஒரு கண்ணி வீணாகிவிடும். ஆக, யார் யாரோடு படுக்க வேண்டும், யார் கையை எப்போது கட்டி வைக்க வேண்டும், எந்தச் சிறுவனுக்குக் காய்ச்சல் ஏறுகிறது, எந்தக் கொப்புளம் எத்தனையாவது நாளில் இருக்கிறது என்பதையெல்லாம் இரவும் பகலும் கவனித்த ஒருவர் இருந்தால்தான் அந்த மருத்துவரின் கத்திக்கு வேலை. நாங்கள் வார்டில் இதைத் தனிமைப்படுத்துதல், கண்காணிப்பு, தொற்றுக் கட்டுப்பாடு என்று தனித்தனித் தலைப்புகளில் படிக்கிறோம். இசபெல் இவை அனைத்தையும் ஆடும் கப்பலில், கடல் மயக்கத்தில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்த 22 குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்தார்.

#4 கடலோடி

அனிச்சம் சகோதரி சொன்னதைக் கப்பல் பக்கத்திலிருந்து கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இருபது ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் வேலை செய்த அனுபவத்தால், மரியா பீத்தா 160 டன் அளவுள்ள சிறிய கப்பல் என்று படித்ததும் எனக்கு மூச்சு முட்டியது. மாலுமிகள், மருத்துவக் குழுவினர், 22 சிறுவர்கள், எல்லோருக்குமான தண்ணீரும் உணவும் அந்த இடத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

22 சிறுவர்கள், முறைக்கு இருவர் என்றால் பதினோரு இணைகள். ஓர் இணைக்கு ஒன்பது, பத்து நாள் என்றால் சங்கிலியின் மொத்த நீளம் ஏறத்தாழ நூறு நாள். ஆனால் லா கொருன்யாவிலிருந்து புறப்பட்டு, கனேரித் தீவுகளில் தெனெரீஃபேயிலும் பிறகு புவெர்த்தோ ரிக்கோவிலும் தங்கி, வெனிசுவேலாவின் புவெர்த்தோ கபெயோ துறைமுகத்தை அவர்கள் அடைந்தது 1804 மார்ச் 20 அன்று. புறப்பட்ட நாளிலிருந்து 111ஆம் நாள். வழியில் உள்ளூர்க் குழந்தைகளுக்கும் குத்தியதால் சங்கிலி நீண்டது. ஆனால் புவெர்த்தோ ரிக்கோவில் மருத்துவர் பிரான்சிஸ்கோ ஓயெர் வேறு வழியாக அம்மைப்பாலை வரவழைத்து ஏற்கெனவே குத்திவிட்டிருந்ததால், புதிய சிறுவர்கள் கிடைப்பது கடினமாயிற்று. புவெர்த்தோ கபெயோவில் இறங்கியபோது, பழுத்த கொப்புளத்தோடு நின்றவன் ஒரே ஒரு சிறுவன். மொத்தப் பயணத்தின் பலனும் அந்த ஒரு குழந்தையின் கையில் இருந்தது. அவன் முந்தின இரவு தூக்கத்தில் அதைச் சொறிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நம் நாட்டிலும் இதே முறைதான் நடந்தது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆனா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு முதலில் அம்மை குத்தினார்கள். அவள் கையிலிருந்து எடுத்த அம்மைப்பாலே பிறகு மற்ற ஊர்களுக்குச் சென்றது. அந்தக் குழந்தையைக் கொப்புளம் பழுக்கும்வரை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

#5 வைகைக்கரை

இருவருக்கும் நன்றி. ஏட்டுச்சுவடி எழுப்பிய ஐயத்துக்குச் சான்றின் வழியாகவே ஒரு பதில் இருக்கிறது. 1803 அக்டோபர் 14 அன்று வெளியான அரசாணையில், லா கொருன்யா குழந்தைகள் இல்லத்தின் ரெக்தோராவைப் பயணக் குழுவில் ‘செவிலியர் தரத்தில்’ சேர்த்துக்கொள்ள மன்னர் அனுமதிப்பதாகவும், ஆண் செவிலியர்களுக்கு வகுத்த அதே ஊதியத்தையும் பயணப்படியையும் அவருக்கும் வழங்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. பயணத்தின்போது குழந்தைகளைப் பேணுவதும் அவர்களுடைய தூய்மையைக் கவனிப்பதும் அவருடைய பொறுப்பு. நேர்மையான பெண் ஒருத்தியின் துணையில்லாமல் தங்கள் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் சிலர் தயங்கியதால், அந்தத் தயக்கத்தைப் போக்கவே இந்த ஏற்பாடு என்றும் அதே ஆணை காரணம் சொல்கிறது.

ஆகவே, செவிலியர் என்ற சொல்லை நாம் இன்று கொண்டுபோய் ஒட்டவில்லை. அவரை வேலைக்கு எடுத்த ஆணையிலேயே அது இருக்கிறது. மூன்று ஆண்களுக்குக் கொடுத்த கூலியை 1803இல் ஒரு பெண்ணுக்கும் அப்படியே கொடுத்தார்கள் என்ற செய்தியை நான் இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்பப் படித்தேன்.

#6 ஏட்டுச்சுவடி

ஆணையின் சொற்களை எடுத்துக் காட்டியதற்கு நன்றி அம்மா. என் முதல் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன்: பட்டியலில் ரெக்தோரா, ஆணையில் செவிலியர் தரம், ஊதியத்தில் சமநிலை என்றிருக்கும்போது, அவர் செவிலியர் அல்லர் என்று சொல்ல முடியாது. கொப்புளத்தைக் காப்பதே அந்தப் பயணத்தின் மருத்துவம் என்று அனிச்சம் காட்டியதும் எனக்கு உடன்பாடே.

ஆனால் இன்னொன்றைப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது. அந்தக் குழந்தைகளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. பெரும்பாலும் கைவிடப்பட்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவர்களுக்காக மறுத்துப் பேச ஆளில்லை என்பதே. ஹவானாவிலிருந்து மெக்சிகோ கரைக்குப் போகச் சிறுவர்கள் கிடைக்காதபோது, பால்மிஸ் அடிமைச் சிறுமியர் மூவரை விலைக்கு வாங்கி அவர்கள் உடலில் அம்மைப்பாலை ஏற்றிக் கொண்டுபோனார். உயிர்களைக் காக்கப் புறப்பட்ட ஒரு பயணம் அடிமைச் சந்தையில் ஆள் வாங்கியது என்பதை மறைத்துவிட்டு இசபெலைப் போற்றினால், அந்தப் போற்றுதலுக்கு மதிப்பில்லை. அந்தக் கட்டத்தில் அவரும் குழுவில் இருந்தார்.

#7 இளவேனில்

நான் செவிலியம் மூன்றாமாண்டு படிக்கும் மாணவி. இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏட்டுச்சுவடி ஐயா எழுதிய கடைசிப் பதிவைப் படித்த பிறகு மனம் கனத்துவிட்டது. அந்த 22 சிறுவர்களும் பிறகு என்ன ஆனார்கள்? அவர்களை மெக்சிகோவில் விட்டுவிட்டு இசபெல் அம்மையார் எப்படிப் போனார்? தெரிந்தவர்கள் சொல்ல முடியுமா?

#8 அனிச்சம்

இளவேனில், உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

புறப்படும்போது ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு மூட்டை கொடுத்தார்கள். அதில் இரண்டு இணைச் செருப்பு, ஆறு சட்டைகள், ஒரு தொப்பி, மேலங்கியோடு மூன்று துணிக் காற்சட்டைகள், குளிருக்கென்று கம்பளித் துணியில் இன்னொரு காற்சட்டை, கழுத்துக்கு மூன்று கைக்குட்டைகள், மூக்குச் சிந்த மூன்று கைக்குட்டைகள், ஒரு சீப்பு, ஒரு குவளை, ஒரு தட்டு, கரண்டி முதலியவை இருந்தன. இந்தப் பட்டியலைப் படித்தபோது நான் முதலில் நினைத்தது துவைப்பவரைத்தான். 22 பேருக்கும் ஆறாறு சட்டை என்றால் 132 சட்டைகள், அவையும் உப்புத் தண்ணீர் சூழ்ந்த கப்பலில்.

வேலை கிடைக்கும் வயது வரை அரசுச் செலவில் அவர்களை வளர்த்துப் படிக்கவைப்போம் என்று மன்னர் வாக்களித்திருந்தார். ஆனால் மெக்சிகோ நகரை அடைந்ததும் அவர்களை ஏழைகள் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கொடுத்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று பால்மிஸ் முறையிட்டிருக்கிறார். பின்னர் அவர்களில் சிலரைக் குடும்பங்கள் தத்தெடுத்துக்கொண்டன.

இசபெல் அங்கே நிற்கவில்லை. 1805 பிப்ரவரியில் அகபுல்கோவிலிருந்து மகயானெஸ் என்ற கப்பல் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குப் புறப்பட்டது. இந்த முறை 26 மெக்சிகோ சிறுவர்கள். குவாதலஹாரா, சகதேகாஸ் முதலிய ஊர்களிலிருந்து திரட்டப்பட்ட இவர்களில் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள். பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்போம் என்ற உறுதியின் பேரில் அனுப்பினார்கள். கப்பலில் நல்ல இடம் கொடுக்கவில்லை. அழுக்கு நிறைந்த தரையில்தான் படுக்கை. கப்பல் சாயும்போதெல்லாம் குழந்தைகள் ஒருவர் மேல் ஒருவர் உருண்டு விழுந்தார்கள். அதனால் நான் முன்பு சொன்னதுபோல் சிலருக்குத் தற்செயலாகவே அம்மை தொற்றிவிட்டது. அப்படியிருந்தும் ஏப்ரல் 15 அன்று மணிலாவை அடைந்தபோது சங்கிலி அறுபடவில்லை.

பால்மிஸ் எளிதில் யாரையும் பாராட்டுபவர் அல்லர். உடன் வந்த பலரோடும் சண்டையிட்டவர். அவரே இசபெலைப் பற்றி எழுதியிருக்கிறார்: மிகுந்த உழைப்பாலும், கடந்துவந்த பல தட்பவெப்பங்களின் கடுமையாலும் அந்த அம்மை தம் உடல்நலத்தை முழுவதும் இழந்துவிட்டார், ஆயினும் இரவும் பகலும் சோர்வில்லாமல், தம் பொறுப்பிலிருந்த 26 குழந்தைகள் மீதும் ஒரு தாயின் பரிவை எல்லாம் பொழிந்தார், அவர்களுடைய ஓயாத நோய்களில் உடனிருந்து பார்த்தார்.

பன்னிரண்டு மணி நேர இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பும் எனக்கு, ‘உடல்நலத்தை முழுவதும் இழந்துவிட்டார்’ என்ற சொற்களைத் தாண்டிப் போக நேரமாயிற்று. அவருக்கு அப்போது முப்பதைத் தாண்டிச் சில வயதுதான்.

அடிமைச் சிறுமியர் பற்றி ஏட்டுச்சுவடி ஐயா எழுதியதை நான் மறுக்கவில்லை. அந்தக் கொடுமையை முடிவு செய்தவர் இசபெல் அல்லர். ஆனால் அந்த மூவருக்கும் காய்ச்சல் அடித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூடியவர் குழுவில் அவர் ஒருவராகவே இருந்திருப்பார் என்று நான் நம்புகிறேன். இதற்குச் சான்று காட்ட என்னால் முடியாது. தொழில் தெரிந்தவளின் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

#9 நெய்தல்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஸ்பானிய மொழி பேசும் சமூகங்களின் முன்னோடிச் செவிலியர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் இல்தௌரா முரீயோ ரோதே. 1920இல் பனாமாவில் பிறந்து, 1945இல் அமெரிக்காவுக்கு வந்து, டெக்சாஸின் சான் அந்தோனியோவில் 1948இல் செவிலியர் பட்டயம் பெற்றவர். அந்த ஊரில் ஸ்பானிய மொழி பேசும் நோயாளிகள் ஏராளமாக இருந்தும் அவர்களின் மொழி பேசும் செவிலியர்கள் மிகக் குறைவு என்பதைக் கண்டார். பின்பு மனநலச் செவிலியத்தில் தேர்ந்து, 1971இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1975இல் ஹிஸ்பானியச் செவிலியர்களுக்கான தேசியச் சங்கத்தை நிறுவினார். அரசின் உயர்குழுக்களுக்குப் போகும்போதெல்லாம் திரும்பிப் பார்த்து, ‘என் மக்கள் எங்கே?’ என்று தமக்குள் கேட்டுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இவரை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. இவருடைய ஒவ்வொரு படியும் பட்டமாகவும் பதவியாகவும் பதிவாகியிருப்பதால், இவர் செவிலியரா என்று கேட்க யாருக்கும் தோன்றாது. இசபெலுக்குப் பட்டம் வாங்கப் பள்ளியே கிடையாது. பள்ளி தோன்றாத காலத்தில் அந்த வேலையைச் செய்தவரிடம் சான்றிதழ் கேட்பது நியாயமாகாது.

#10 ஏட்டுச்சுவடி

நெய்தல் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது. சான்றிதழை நான் கேட்கவில்லை என்றாலும், என் முதல் பதிவு அப்படித்தான் ஒலித்திருக்கிறது. அனிச்சம் சகோதரியிடம் அந்த வரிக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க விரும்புகிறேன். பால்மிஸ் 1806இல் ஸ்பெயின் திரும்பி, செப்டம்பர் 7 அன்று மன்னர் நான்காம் கார்லோஸின் கையை முத்தமிட்டுப் பாராட்டுப் பெற்றார். இசபெல் திரும்பினாரா?

#11 வைகைக்கரை

திரும்பவில்லை. மணிலாவிலிருந்து மகன் பெனித்தோவோடு மெக்சிகோவுக்கே வந்து, புவெப்லா நகரில் தங்கிவிட்டார். கலீசியாவை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை. அவர் இறந்த நாள் உறுதியாகத் தெரியவில்லை.

அவர் நீண்ட காலம் மறக்கப்பட்டதற்கு இன்னொரு காரணம், ஆவணங்களில் அவர் பெயர் ஒரே மாதிரி இல்லாததுதான். செந்தால், செந்தாலா, செந்தாயா, செந்தாலெஸ் என்று எழுதுபவரின் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். மெக்சிகோவில் இசபெல் செந்தாலா என்றே அவரை நினைவுகூர்கிறார்கள். புவெப்லா மாநிலத்தில் ஒரு செவிலியர் பள்ளிக்கு அந்தப் பெயர்தான். ஸ்பெயினில் 2020 டிசம்பரில், கொரோனாப் பெருந்தொற்றின் நடுவே, மாத்ரித் நகரில் திறந்த அவசரகால மருத்துவமனைக்குச் செவிலியர் இசபெல் செந்தால் என்று பெயரிட்டார்கள். பெயருக்கு முன்னால் ‘செவிலியர்’ என்ற சொல்லும் சேர்ந்தே இருக்கிறது.

இளவேனில், உன் கல்லூரியில் செவிலிய வரலாற்றுக்குக் கருத்தரங்கத் தலைப்புக் கேட்டால் இவரை எடுத்துக்கொள். உனக்கு வேண்டிய குறிப்புகளை நான் எழுதித் தருகிறேன். புவெர்த்தோ கபெயோவில் இறங்கிய அந்த ஒரு சிறுவனிலிருந்து தொடங்கு.

#12 இளவேனில்

சரி அம்மா. அடுத்த மாதம் பத்தாம் தேதி கருத்தரங்கம். பேராசிரியையிடம் இன்று காலையே பெயர் கொடுத்துவிட்டேன். ‘செந்தால்’ என்பதன் எழுத்தை அவர் இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்து எழுதிக்கொண்டார்.